குனிந்தவருக்கு எஃப் கிரேடு

கிரீன் பே, விஸ்கான்சின்
ஏப்ரல் 28

தொழிலாளர் திரு. ஓரின் ஹால்வர்சன் அவர்களுக்கு,

முதலாளி எழுதுவது. சிரிக்காதீங்க, நிஜம்தான். இந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீம் இந்த ஊர்க்காரங்களோடது. எங்க அம்மாகிட்ட ஒரு பங்கு இருக்கு. அதை விற்க முடியாது, அதுல லாபமும் வராது. சட்டம் போட்டு ஹால்ல மாட்டி வச்சு தூசி தட்டலாம், அவ்வளவுதான். அம்மா பேப்பர் மில்லுக்கு ஷிஃப்ட் போற நேரத்துல நிர்வாகம் என் கையில. வயசு பதினாறு. மில்லுல செய்யறது துடைக்கிற காகிதம்தான், ஆனா இந்தக் கடிதக் காகிதம் கடையில வாங்கினது. தைரியமாத் தொடலாம்.

ஸ்டேடியத்துக்குத் திரும்பற முனையில முதல் வீடு எங்களோடது. வருஷா வருஷம் காலேஜ் ஆட்டக்காரங்களை டீம்கள் சுற்றுச் சுற்றா எடுக்கற டிராஃப்ட் முடிஞ்ச மறுநாள், டீம் எடுத்த புதுப் பையன்களுக்கெல்லாம் கிரேடு போட்டு, பழைய பெட்ஷீட்டுல பெயிண்டால எழுதி, கராஜ் கதவுல தொங்கவிடுவேன். போற வர்ற கார் எல்லாம் ஹார்ன் அடிக்கும். திட்டறவங்க ரெண்டு தடவை அடிப்பாங்க.

இந்த வருஷம் முதல் சுற்றுல எடுத்தாங்களே, எதிராளியை மறிச்சு நிக்கிற ஒரு டேக்கிள், அவர் மேடைக்கு நடந்து வந்தப்போ எங்க டிவி ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு அவங்க அம்மாவைக் கட்டிப்பிடிச்சு தேம்பித் தேம்பி அழுதாரு. ஃப்ரிட்ஜ் அழுது நான் பார்த்ததே இல்ல. நானும் அழுதுட்டேன். ஏ. ரெண்டாவது சுற்றுல எடுத்தது ஒரு ஓட்டக்காரர். அவர் ஓடினதை நான் பார்க்கல, ஓடி முடிச்சதைத்தான் பார்த்தேன். ஏ மைனஸ். நடுவுல வந்தவங்களுக்கெல்லாம் பி. அதுல ஒருத்தர் பேரும் பக்கத்து வீட்டு லெக்லெர் மாமாவோட நாய் பேரும் ஒண்ணு, அவருக்கு மட்டும் பி பிளஸ்.

அப்புறம் ஆறாவது சுற்று. நல்ல ஆட்டக்காரங்க இன்னும் மிச்சம் இருந்தாங்க. நம்ம டீம் எடுத்தது ஒரு லாங் ஸ்னாப்பரை. பந்தை உதைக்கிற சமயம் மட்டும் உள்ளே வந்து, குனிஞ்சு, ரெண்டு காலுக்கு நடுவுல பந்தைப் பின்னாடி அனுப்பிட்டு, வந்த வழியே போற ஆளை. எல்லாரும் முன்னுக்கு வரப் பாடுபடறாங்க. பின்னுக்குத் தள்ளியே முன்னுக்கு வந்தவர் நீங்க ஒருத்தர்தான்! அந்த வேலைக்கு வெஸ் பிலார்ஸ்கி இங்கே பத்து வருஷத்துக்கு மேல இருக்காரு. அம்மா போட்டுக்கற ஜெர்சியே அவரோடதுதான். ஸ்னாப்பருக்கு டீம்ல இருக்கறது ஒரே இடம். அப்புறம் நீங்க எதுக்கு?

எஃப். சிவப்புப் பெயிண்ட்ல, மத்த எல்லாத்தையும் விடப் பெரிசா.

இருந்தாலும் கையெழுத்து வேணும். ஸ்டாம்ப் ஒட்டின பதில் கவர் உள்ளே இருக்கு. ஸ்னாப்பருக்கெல்லாம் யாரும் கார்டு அச்சடிக்கிறதில்ல, அதனால நானே வரைஞ்சேன். மூஞ்சி தலைகீழா இருக்கேன்னு வருத்தப்படாதீங்க. டிவியில அப்படித்தான் காட்டினாங்க.

இப்படிக்கு,
பங்குதாரர் (அம்மா வீட்டுல இல்லாதப்போ)
கொலெட் டெல்வோ


சோட்டோ, மொண்டானா
மே 11

முதலாளியம்மாவுக்கு,

கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படத்துக்குப் பொருத்தமாக அதையும் தலைகீழாகவே போட்டேன். எனக்கு வந்த முதல் ரசிகர் கடிதம் இது. வேறு சொல் கிடைக்காததால் ரசிகர் என்கிறேன்.

உங்கள் பெட்ஷீட்டை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். உங்கள் ஊர் டிவியில் வந்ததை யாரோ என் தங்கைக்கு அனுப்ப, அவள் யோசிக்காமல் அப்பாவிடம் காட்டிவிட்டாள். சனிக்கிழமை டீமிலிருந்து போன் வந்தபோது எங்கள் வீட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. அப்பா ஒரு ஆட்டை அறுத்திருந்தார். மறுநாள் மிச்சக் கறியைச் சாப்பிட்டுக்கொண்டே உங்கள் எஃப்பைப் பார்த்தோம். அப்பா வெளியே போய் டிரக்கைக் கழுவினார். அது அழுக்காக இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் மனசு ஆறாது.

அந்த டிரக்கை வைத்துத்தான் நான் பழகினேன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு அப்பா மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். நான் குனிந்து, பந்தை ஒரு ஜன்னலில் நுழைத்து மறு ஜன்னல் வழியாக வெளியே அனுப்ப வேண்டும், அவர் மூக்கைத் தொடாமல். சில தடவை தொட்டிருக்கிறேன். அவர் மூக்கு இப்போது கொஞ்சம் இடது பக்கம் பார்க்கும்.

ஷீட்டை இறக்க வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். பயிற்சிக் கேம்ப் தொடங்கியதும் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் வந்து உட்காருங்கள். என்னைப் பார்க்காதீர்கள். பந்து போய்ச் சேரும் கைகளைப் பாருங்கள்.

உங்கள் படத்தில் தப்பு இல்லை. குனிந்தபின் எனக்கு உலகம் தலைகீழ்தான். அதிலும் இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். அவற்றுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பனிமூட்டம்.

ஓரின் ஹால்வர்சன்


கிரீன் பே
ஜூன் 20

கோபக்கார ஓரினுக்கு,

டிரக் கழுவினவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அந்த வரியைப் படிச்சதும் பெயிண்ட் டப்பாவை எடுத்துட்டேன். அப்புறம், முதலாளின்னா கொள்கைன்னு ஒண்ணு வேணுமேன்னு மூடி வச்சுட்டேன்.

ஆனா ஒரு ஆராய்ச்சி பண்ணினேன். குனிஞ்சு பந்தைப் பின்னாடி அனுப்பறதுல என்ன பெரிய வித்தைன்னு கொல்லைப்புறத்துல நானே பண்ணிப் பார்த்தேன். லெக்லெர் மாமா அந்தப் பக்கம் சர்ச் விருந்துக்குப் பெரிய அண்டாவுல பூயாங்கற கோழிக் குழம்பைக் கிண்டிக்கிட்டிருந்தாரு. என் பந்து, மாமா பாஷையில பன்னித்தோலு, வேலியைத் தாண்டி நேரா அண்டாவுக்குள்ள.

"கொலெட்! கோழிக் குழம்புல எதுக்குடி பன்னித்தோலு?"

"ருசிக்கு மாமா!"

"ருசிக்கா? இரு, உங்கம்மா வரட்டும், உன் தோலையும் சேர்த்துப் போடறேன்!"

அம்மா வந்தாங்க. அண்டா தேய்ச்சது நான். தேய்க்கும்போது யோசிச்சேன். நான் அனுப்பினது வேலி தாண்டிப் போச்சு. நீங்க ஓடற வண்டியோட ஜன்னல்ல அனுப்பியிருக்கீங்க, அதுவும் பெத்த அப்பா மூக்கை வச்சுக்கிட்டு. எஃப்பை டி ஆக்கியாச்சு. ரொம்பக் குதிக்காதீங்க.

கேம்ப் முதல் நாள் வழக்கம் தெரியுமில்ல? ஊர்ப் பசங்க சைக்கிளோட வாசல்ல நிப்பாங்க. டீம்காரங்க ஆளுக்கொரு சைக்கிளை எடுத்து மைதானத்துக்கு மிதிப்பாங்க. சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பொடிசு ஹெல்மெட்டைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல ஓடும். அந்த வயசுக்கெல்லாம் நான் கிழவி. இருந்தாலும் இந்த வருஷம் நிக்கப் போறேன். டேக்கிள் என் சைக்கிள்ல உட்கார்றதையும், சைக்கிள் அவருக்கு அடியில உட்கார்றதையும் பார்க்கணும்.

கொலெட்


கிரீன் பே, கேம்ப் விடுதி
ஜூலை 27

முதலாளியம்மாவுக்கு,

நீங்கள் நின்றது டேக்கிளுக்காக என்று தெரிந்துதான் சைக்கிளை எடுத்தேன். எஃப்புக்குப் பழி வாங்கியதாக இருக்கட்டும். ஆனால் ஹேண்டில்பாரில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு கட்டப்பட்டிருந்தன. கட்டிய கம்பி புதிது. டேக்கிளுக்குப் பின்னால் பார்க்கும் வேலை கிடையாதே என்று மைதானம் வந்து சேர்ந்தபிறகுதான் உறைத்தது.

"ஏன் சார், முன்னாடி பார்த்து ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே என் ஹெல்மெட்டோடு ஓடி வந்தீர்களே, அது வெஸ் பிலார்ஸ்கி காதில் விழுந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் இன்றும் அதையே சொல்லிச் சிரித்தார்.

வெஸ் நல்லவர். கஷ்டமே அதுதான். எங்கள் லாக்கர்கள் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு பேரில் ஒருவர்தான் மிஞ்சுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் உப்பை நகர்த்தச் சொல்வதைக்கூட ரொம்ப மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் பட்டியல் வரும். அதில் பேர் இல்லையென்றால் நான் திரும்பிப் போய் ஆடு மேய்க்க வேண்டியதுதான். ஸ்னாப்பருக்கு இரண்டாம் தொழில் எதுவும் தெரியாது.

சனிக்கிழமை ஸ்டேடியத்தில் ஊர்க்காரர்கள் முன்னால் பயிற்சி. கோல்போஸ்ட், ஞாபகம் இருக்கட்டும்.

ஓரின்


கிரீன் பே
ஆகஸ்ட் 4

ஓரின்,

இந்தக் கடிதத்துல ஜோக் இல்ல. தேடாதீங்க.

நீங்க சொன்ன இடத்துல உட்கார்ந்தேன். கைகளை மட்டும் பார்த்தேன். உதைக்கிறவருக்குப் பந்தைப் பிடிச்சு நிறுத்தறவர் ஒரு முழங்காலை ஊன்றிக் கையை நீட்டி வச்சிருந்தாரு. பந்து வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்றதே தப்பு. கையில இல்லாம இருந்துச்சு, அப்புறம் இருந்துச்சு. நடுவுல எதுவும் நடந்த மாதிரியே தெரியல. அவர் கை ஒரு விரல்கூட நகரல. அந்தக் கை இருக்கிற இடத்துக்கு உலகமே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

அப்புறம்தான் தையலைக் கவனிச்சேன். பந்துல ஒரு பக்கம்தான் அந்த வெள்ளைத் தையல். அது கால் படற பக்கம் வந்தா பந்து கோணிக்கிட்டுப் போகும், கோல்போஸ்ட் பக்கம் பார்க்கணும்னு எனக்குத் தெரியும். பிடிக்கிறவர் பந்தைத் திருப்பி வைப்பார்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். அவர் திருப்பவேயில்ல. திருப்ப அவசியமே வரல. பந்து காத்துல சுத்திக்கிட்டே வருது, கையில விழுது, விழும்போது தையல் என்னைப் பார்க்குது. அடுத்த பந்து. தையல் என்னைப் பார்க்குது. அதுக்கு அடுத்ததும் அப்படியே. அந்தப் பந்துக்கு எங்க வீட்டு முகவரி தெரியும் போல.

எத்தனை சுத்து சுத்தினா எங்கே வந்து நிக்கும்னு, குனிஞ்சு, தலைகீழா, பின்னாடி பார்த்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியுது? வேண்டாம், சொல்லாதீங்க. தெரிஞ்சுட்டா குறைஞ்சுடும்.

பக்கத்துல ஒருத்தர், "எப்போ பாரு உதைக்கிறதையே காட்டறாங்க, பீர் வாங்கிட்டு வரேன்"னு எழுந்தாரு.

"உட்காருங்க அங்கிள்."

"எதுக்கும்மா?"

"தையலைப் பாருங்க."

சலிச்சுக்கிட்டே உட்கார்ந்தாரு. மூணாவது பந்துல "அடேயப்பா"ன்னாரு. சொன்னதும் தொப்பியைக் கழட்டிட்டாரு, ஏன்னு அவருக்கே தெரியல. பீர் வாங்கப் போகவேயில்ல. இந்த ஊர்ல அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கு இன்னும் புரியாது.

ஷீட்டுல உங்க எஃப், டி ரெண்டையும் வெட்டி எடுத்துட்டேன். அங்கே இப்போ ஒரு ஓட்டை. என்ன போடறதுன்னு தெரியல. ஆனா ஒரு திட்டம் இருக்கு. அடுத்த சனிக்கிழமை முன்னோட்ட மேட்சுல இந்த ஊர் முழுக்க உங்க பேரைத் தெரிஞ்சுக்கும், பாருங்க!

கொலெட்


கிரீன் பே, கேம்ப் விடுதி
ஆகஸ்ட் 12

கொலெட்,

சனிக்கிழமை நான் குனிந்தேன். இந்த வகை உதையில் பந்தைப் பிடிப்பதும் உதைப்பவரேதான்; அவர் கைகள் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து, கோல்போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து நாற்பது பேர் ஒன்றாக என் பேரைக் கத்தினார்கள்.

நம் டீம் பந்தை வைத்திருக்கும்போது இந்த ஊரில் யாரும் மூச்சு விடுவதில்லை. கத்துவது எதிரிக்கு. என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பந்து உதைப்பவர் தலைக்கு மேலே போனது. நீங்கள் பார்த்தீர்கள். எல்லாரும் பார்த்தார்கள். உங்கள் திட்டப்படியே இப்போது ஊர் முழுக்க என் பேர் தெரியும்.

சத்தத்தின் மேல் பழி போடவில்லை. சத்தம் வந்ததும் அந்தக் கைகளுக்குப் பின்னால் யார் என்று பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தப்பு அதுதான்.

இனி எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது.

ஓரின் ஹால்வர்சன்


கிரீன் பே
ஆகஸ்ட் 24

திரு. ஹால்வர்சன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னீங்க. இதுல பதில் கவர் வைக்கல. அதனால இது கடிதம் இல்ல, நிர்வாக அறிவிப்பு.

அன்னிக்கு வாய் என்னோடது, சந்தோஷமும் என்னோடது, வேலை மட்டும் உங்களோடது. கைக்குழந்தைக்குக்கூட இந்த ஊர்ல எப்போ கத்தணும்னு தெரியும். எனக்கு மறந்துபோச்சு.

நேத்து கடைசி முன்னோட்ட மேட்ச். நாங்க அதே நாற்பது பேர் ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய், கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி வரிசை வரிசையா சீஸ் கட்டி கொடுத்தோம், புதுசா, கடிச்சா கிறீச்சுன்னு கத்துமே அது. "ஸ்னாப்பர் குனியும்போது வாயில போட்டுக்கங்க, கடிக்காதீங்க." இந்த ஊர்க்காரங்க வாயை அடைக்க வேற வழி கிடையாது.

"யாருக்காகம்மா?"

"அன்னிக்கு உதைக்கிறவர் தலைக்கு மேல அனுப்பினாரே, அவருக்காக."

"அவனுக்கா!"

"அவருக்குத்தான். தப்பு நாங்க பண்ணினது."

இது கணக்குல சேராத மேட்ச். பாதிப் பேர் வெயிலுக்குத் தூங்கிக்கிட்டிருந்தாங்க. நீங்க குனிஞ்சீங்க. எங்க பக்கம் அமைதியாச்சு. அது பக்கத்துப் பகுதிக்குப் பரவுச்சு, அங்கிருந்து மேல்மாடிக்கு. எதுக்குன்னே தெரியாம ஸ்டேடியம் முழுக்க வாயை மூடிக்கிச்சு. அத்தனை ஆயிரம் பேர் ஒருத்தர் குனியறதுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்ல, சர்ச்சுலகூட. பந்து வர்ற சத்தம் கேட்டுச்சு, ஓரின். சின்னப் பறவை ரெக்கை அடிக்கிற மாதிரி 'ஃபர்ர்'னு. அப்புறம் கையில 'டப்'. தள்ளிக் கூட இல்ல, அதே இடம், ஒவ்வொரு தடவையும் அதே இடம். பிலார்ஸ்கி ஜெர்சி போட்டிருந்த எங்கம்மா என் கையைப் பிடிச்சாங்க. விட மறந்துட்டாங்க.

அறிவிப்பு முடிஞ்சது.

கொ. டெல்வோ


சிகாகோ
செப்டம்பர் 6

முதலாளியம்மாவுக்கு,

ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. என் பேர் இல்லை. வெஸ் இருக்கிறார். அவர்தான் என் பையைக் கார் வரைக்கும் தூக்கி வந்தார். "முன்னாடி பார்த்து ஓட்டு" என்றார்.

அறிவிப்பு கிடைத்தது. அந்த அமைதியும் கிடைத்தது. அத்தனை பேர் எனக்காகச் சும்மா இருந்ததை நான் என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் கவர் இல்லாததால் என் ஸ்டாம்ப்பில் அனுப்புகிறேன்.

மொண்டானாவுக்குப் பாதி தூரம் போயிருப்பேன், போன் வந்தது. மேலே முகவரியைப் பார்த்திருப்பீர்கள். ஆமாம், என்னை எடுத்துக்கொண்டது உங்கள் ஊரின் பரம எதிரி டீமேதான். இந்தக் கடிதத்தைத் தூர எறிந்துவிட்டுத் திரும்ப எடுத்துப் படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பரில் உங்கள் ஊருக்கு எதிரியாக வருவேன். அந்த நாற்பது பேரையும் அழைத்து வாருங்கள். எதிரி பந்தை வைத்திருக்கும்போது இந்த ஊர் என்ன செய்யுமோ அதைச் செய்யுங்கள். கத்துங்கள். பாவம் என்று யாராவது சும்மா இருந்தால் எனக்கு அவமானம். இந்தத் தடவை வழக்கத்தை மறக்காதீர்கள்.

உங்கள் சைக்கிள் கண்ணாடிகளில் ஒன்றை அன்றே கழற்றி எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அப்பா டிரக்கில் மாட்டியிருக்கிறார்.

ஓரின்


கிரீன் பே
நவம்பர் 18

துரோகி ஓரினுக்கு,

தொண்டை போச்சு. இது முழுக்க எழுத்துல இருக்கறது உங்க அதிர்ஷ்டம்.

கத்தினேன். நாற்பது பேரும் கத்தினோம். லெக்லெர் மாமா பூயா கரண்டியால நாற்காலியை அடிச்சாரு. நீங்க எங்க பக்கம் கோல்போஸ்ட்டுக்குக் கிட்ட மாட்டிக்கிட்டு, உதைக்க வேண்டி வந்துச்சே, மூணாவது கால் மணி நேரத்துல, அப்போ காலுக்கடியில சிமெண்ட் அதிர்ந்தது. நான் கத்தினது எனக்கே கேட்கல. வாய் திறந்திருந்ததால கத்தறேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவுல நீங்க குனிஞ்சீங்க. பந்து வந்துச்சு. அதே இடம். சீஸ் கட்டி கொடுத்த அன்னிக்கு, அமைதியில பந்து எந்த உயரத்துக்கு வந்துச்சோ, அதே உயரத்துக்கு, ஒரு விரக்கடை ஏறாம இறங்காம. என் வாய் திறந்தபடியே நின்னுடுச்சு, ஆனா கத்தல் நின்னுபோச்சு. பக்கத்துல அம்மாவும் அப்படியே. எதிரிக்குக் கத்த வந்த இடத்துல ஒரு கோயிலுக்குள்ள நின்ன மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

அப்புறம் கடைசி நிமிஷத்துல, எங்க பக்கத்துக் கோல்போஸ்ட்டை நோக்கி உங்க டீமோட மூணு புள்ளி உதை. தையல் என்னைப் பார்த்துச்சு. அந்த மூணு புள்ளியிலதான் தோத்தோம். முதலாளியா எனக்குப் பெரிய நஷ்டம். சிகாகோ குடும்பங்கள் உட்கார்ற பக்கத்துல மூக்கு இடது பக்கம் பார்க்கிற ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தாரு. கை ஆட்டினேன். தொப்பியைத் தூக்கினாரு. டிரக் அழுக்கா இருக்கும்னு நம்பறேன்.

ஒரு சண்டை பாக்கி. எங்க பக்கம் நீங்க பந்தை அனுப்பினதும் நிமிரவேயில்ல. குனிஞ்ச தலை நிமிராத கல்யாணப் பொண்ணு மாதிரி அப்படியே நின்னீங்க. எங்க டீம் ஆள் வந்து இடிச்சான், உருண்டீங்க. உயிரே போச்சு எனக்கு. ஏன் அப்படி? அடிபட்டுச்சா?

அப்புறம், ஷீட் கொண்டு வந்திருந்தேன், நடுவுல ஓட்டை இருக்கே, அதே ஷீட். ஓட்டைக்கு மேல புதுத் துணி தச்சு எழுதினேன். தலைகீழாப் பிடிச்சேன். பின்னாடி இருந்தவங்க விடல.

"ஏம்மா பொண்ணு, தலைகீழாப் பிடிச்சிருக்கே!"

"தெரியும். உங்களுக்கில்ல!"

"பின்ன யாருக்கு?"

அவங்களுக்கு எங்கே புரியப் போகுது. எழுதினது இதுதான்: 'எடுத்ததுக்கு ஏ. விட்டதுக்கு எஃப்.' ரெண்டு கிரேடும் எங்க டீமுக்கு. நீங்க பார்த்திருக்க முடியாது. கைகளுக்குப் பின்னாடி எல்லாம் பனிமூட்டம்னு எழுதினவராச்சே. பரவாயில்ல. இப்போ எழுத்துல சொல்லிட்டேன்.

பதில் கவர் உள்ளே.

கொலெட்


சிகாகோ
நவம்பர் 23

முதலாளியம்மாவுக்கு,

அடிபடவில்லை.

பந்தை அனுப்பியதும் நிமிர்ந்து, வருகிறவனைத் தடுக்க வேண்டும். அதுவும் என் வேலைதான். அன்றைக்குப் பந்து கைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். அதன்பிறகும் ஒரு கணம் குனிந்தே இருந்தேன். அந்த ஒரு கணத்துக்குத்தான் உங்கள் ஆள் என்னைச் சாய்த்தான்.

எங்கள் கோச் வாரம் முழுக்க அந்தக் காட்சியைத் திரையில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார். "பந்துதான் போயிடுச்சே, இங்கே குனிஞ்சுக்கிட்டு என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே?" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

படித்துக்கொண்டிருந்தேன்.

ஓரின்